மாறனார் வீட்டு அடுப்பங்கரை
(நாகரசம்பட்டியில் ஆற்றிய பெரியபுராணச் சொற்பொழிவிலிருந்து)

களி கிண்டி இறக்கியாகிவிட்டது. குழம்புக்குப் புளி எடுக்கப் போனால் டப்பா காலி. புளிக்குப் பேர்போன கிருஷ்ணகிரிச் சீமையில் புளி தீருமா என்று கேட்காதீர்கள், தீரும். சிப்காட் ஷிப்ட் முடிந்து பையன் பசியோடு வருகிற நேரம். அம்மா என்ன செய்கிறாள்? சீசனென்றால் ஒரு மாங்காயை நறுக்கிப் போடுகிறாள். இல்லையா, தக்காளியைக் கூடப் பிழிந்துவிடுகிறாள். பையன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறான். அவனுக்கு எதுவும் தெரியாது!

இந்தச் சாமர்த்தியத்துக்கு 12-ம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் பெருமான் மரியாதை செய்திருக்கிறார். இளையான்குடி மாறனார் கதையைத்தான் சொல்கிறேன். அடியாருக்கு அன்னமிட்டே செல்வமெல்லாம் கரைந்துபோன வீடு. அடைமழை ராத்திரியில் ஓர் அடியார் வந்து நிற்கிறார். வீட்டில் அரிசி இல்லை, அக்கம்பக்கத்தில் கடன் கிடைக்கிற காலமும் தாண்டிவிட்டது. யோசனை சொன்னது யார்? நாயனார் அல்ல, அவர் மனைவியான அந்த அம்மையார். "பகலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தால் என்னால் முடிந்ததைச் செய்கிறேன்" என்கிறார். நாயனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருட்டில் வயலுக்குப் போனார்.

ஈர நெல்லை அப்படியே உரலில் போட்டால் என்ன ஆகும்? கூழாகிவிடும். கேழ்வரகை முளைகட்டுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மையார் அதை வறுத்து ஈரம் போக்கி, பிறகு குத்தி அரிசியாக்கினார். வறுக்க விறகு? கூரைக் கொம்பை அறுத்துத் தள்ளினார் நாயனார். கறிக்கு? கொல்லையில் இன்னும் முற்றாத கீரையைப் பறித்து வந்தார். அந்த ஒரே கீரையில் வேறு வேறு கறிகள் சமைத்தாராம் அம்மையார். மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது. இரண்டும் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு நம் நாட்டுக்கு வந்தவை. தண்டுக்கீரையில் இலையைக் கடைந்து, தண்டைக் குழம்பில் போடுகிற உங்கள் கைப்பக்குவம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அந்தச் சாப்பாட்டை விருந்தாளி சாப்பிடவே இல்லை. அமுது செய்ய எழுப்பினார்கள், ஜோதியாக எழுந்து மறைந்துவிட்டார். பிறகு ரிஷபத்தின் மேல் உமையோடு காட்சி தந்தார். அடியாராக வந்த சிவன் ருசி பார்க்க வரவில்லை. அடுப்பங்கரையில் நடந்ததே அவருக்குப் படையலாகிவிட்டது. நாயன்மார் வரிசையில் பேர் இருப்பது கணவருக்கு. அம்மையாரின் பேர்கூடப் புராணத்தில் இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஆவணி மகம் மாறனார் குருபூஜை. அன்றைக்கு ஆண்கள் ஒரு காரியம் செய்யுங்கள். சமையலில் "ஏன் புளி இல்லை?" என்று கேட்காமல், நாயனாரைப் போல எழுந்து போய், கிடைத்ததைக் கொண்டுவந்து கொடுங்கள்.