பங்கும் பொறுப்பும்

பங்கு என்னும் சொல் திருச்சபையில் ஓர் இறைமக்கள் சமூகத்தைக் குறிக்கிறது; சந்தையில் ஒரு நிறுவனத்தின் மீதுள்ள உரிமையைக் குறிக்கிறது. இவ்விரண்டையும் ஒருசேர எண்ணும் தேவை ஆலங்குளத்தில் ஒரு மாலை எழுந்தது. பட்டாசு ஆலையில் கூலிவேலை செய்யும் தாய் ஒருவர் வந்து, "சாமி, என் கூலியில மாசம் ஐந்நூறு ரூபாயை மகன் பங்கு நிதியில கட்டுறான். சின்னக் கம்பெனிகளாப் பார்த்துப் போடுவாங்களாம். அது பாவமா?" என்று கேட்டார்.

அவர் அஞ்சிய அளவுக்கு அது சூதாட்டமன்று. 'செபி' 2017இல் வகுத்த முறைப்படி, சந்தை மதிப்பில் 251ஆம் இடம் முதல் வருபவை சிறு நிறுவனங்கள். சிறு நிறுவன நிதி தன் தொகையில் குறைந்தது 65 விழுக்காட்டை அவற்றில் இடவேண்டும். அவற்றுள் வளரக்கூடியதை நிதி மேலாளர் தேடுகிறார். விற்பனை ஆண்டுதோறும் பெருகுகிறதா? ஏட்டில் உள்ள இலாபம் பணமாகக் கைக்கு வருகிறதா? கடன் எவ்வளவு? நிறுவனர் தம் பங்குகளை அடகு வைத்துள்ளாரா? தணிக்கையாளர் இடையில் விலகினாரா? கேட்கும் விலை தகுமா? இவ்வாறு ஆராய்ந்து பிறர் பணத்தை இடுவது, தாலந்தை மண்ணில் புதைக்காத பணியாளரின் விழிப்புணர்வே ஆகும்.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது: இவ்வளர்ச்சி எதிலிருந்து வருகிறது? நம் பகுதி இதற்குச் சான்று. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் உழைத்த சிறார்களைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு சிறாருக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென்றது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இங்குள்ள ஆலைகளுள் பெரும்பாலானவை சந்தைக்கு வராத குடும்பத் தொழில்கள். எனினும் படிப்பினை பொதுவானது: சிறாருக்குக் குறைத்துக் கொடுத்த கூலியும், அறையில் அளவுக்கு மீறி அமர்த்திய ஆட்களும் கணக்கேட்டில் சிக்கனமாகவே தோன்றும்.

வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தரும் கடமை சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களுக்கே உண்டு. அதற்குக் கீழுள்ள சிறு நிறுவனத்தில், மேலாளர் தாமே கேட்டாலன்றி உண்மை வெளிவராது. எங்கே முதலிடுவது என்பது எப்போதும் ஓர் அறநெறித் தேர்வு எனத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1991இல் தம் 'சென்டெசிமுஸ் அன்னுஸ்' மடலில் கற்பித்தார்.

அப்படியானால் அந்தத் தாயின் பொறுப்பு எவ்வளவு? தீமைக்கு அருகிலிருந்து அறிந்து துணைபோவதையும், தொலைவிலிருந்து அறியாமல் துணையாவதையும் அறநெறி இறையியல் வேறுபடுத்துகிறது. மேலாளரின் பொறுப்பு பெரிது. தாயினுடையது மிகச் சிறிது. ஆனால் சிறிது என்பது இல்லை என்பதாகாது. பணத்தை ஒப்படைக்கலாம், மனச்சான்றை ஒப்படைக்க இயலாது.

"பாவமில்லை அம்மா. எந்தெந்த நிறுவனங்களில் பணம் இருக்கிறதென்று மாதந்தோறும் பட்டியல் வெளியிடுகிறார்கள். மகனை அதைப் படிக்கச் சொல்லுங்கள்" என்றேன். அவர் சற்று எண்ணிவிட்டு, "அங்க வேலை பார்க்கிறவங்க சாயங்காலம் பத்திரமா வீட்டுக்குப் போறாங்களான்னு அந்தப் பட்டியல்ல இருக்குமா சாமி?" என்றார்.

இராது. மேலாளரின் வினாக்களோடு நாம் சேர்க்க வேண்டிய வினா அதுவே. கேட்கப்படும்வரை எந்த ஏடும் அதற்கு விடை தரப்போவதில்லை.