முட்டுக்கட்டை

மாத்தளையிலிருந்து நாவுல போகும் ஏ9 வீதியோரத்தில் ஒரு கராஜ். தகரக் கூரை, ஒயில் ஊறிக் கறுத்துப்போன மண்தரை, ஓரத்தில் சக்கரம் இல்லாமல் கட்டைமேல் நிற்கும் ஒரு பழைய லொறி. என் அக்காவின் மகன் அங்கேதான் வேலை பழகுகிறான். சாதாரண தரப் பரீட்சை எழுதி மூன்று வருடமாகிறது. பாஸ் அவனை ‘மல்லி’ என்று கூப்பிடுவார். கை படிந்த பிள்ளை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு மாலை என் வேனின் பிரேக்கைக் காட்டப் போயிருந்தேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான்: “மாமா, நம்மளால ரேஸ் ஓட முடியாதா?”

நான் யோசிக்கவே இல்லை. “நமக்கெல்லாம் எதுக்குடா அது? ஒழுங்கா தொழிலப் பழகு” என்று சொல்லிவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. குனிந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி வேனுக்கு அடியில் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்தப் பதிலைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அது என்னுடையது இல்லை. நான் உயர்தரம் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளில் அப்பா இதையேதான் சொன்னார். அவரிடம் தாத்தா சொல்லியிருப்பார். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த வார்த்தை அது.

எங்கே தொடங்கியது என்று பார்த்தால், இதே வீதியில்தான். கோப்பிக் காலத்தில் எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளைக்கு வந்து, மாத்தளைக்கு நடந்தே சேர்ந்தார்கள். மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். அதற்கு முன் நடந்தவர்களில் பலர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தார்கள். பிழைத்து வந்தவனுக்கு ஒரு தவறு என்றால் உயிர். ஆசைப்படுவதே ஆபத்து. ‘நமக்கு எதுக்கு’ என்ற வார்த்தை அன்று பிள்ளையைக் காப்பாற்ற ஒரு தாய் சொன்னது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எந்தக் காய்ச்சலும் இல்லாத ஒரு மாலையில், தொழில் தெரிந்த ஒரு பிள்ளையிடம் நான் ஏன் அதைச் சொன்னேன்? ஒரு பிள்ளை நம் கைக்கு எட்டாத ஒன்றைக் கேட்கும்போது பெரியவர்கள் என்ன சொல்ல வேண்டும்? இந்தக் கேள்வி சில மாதங்களாக என்னோடு இருக்கிறது.

பதில் தேடி, அவன் போனில் பார்க்கும் ஓட்டுநர்களின் கதைகளை நானும் படிக்கத் தொடங்கினேன். முதலில் வந்தவர் நம் மொழிக்காரர், கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓடிய முதல் இந்தியர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்துக்கு அவர் வந்த படிகளைத்தான் நான் எண்ணிப் பார்த்தேன்.

அப்பா ஜி. ஆர். கார்த்திகேயன் ரேலி ஓட்டுநர். மகன் முதல் பந்தயம் ஓடியது சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஓடுகளத்தில், ஃபார்முலா மாருதி என்ற சிறிய காரில். 1992இல் பிரான்ஸுக்குப் போய் ஒரு பந்தயப் பள்ளியில் பயின்றார். 1994இல் இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்ட் குளிர்காலத் தொடரை வென்றார். 1996இல் ஃபார்முலா ஆசியா. பிறகு பிரிட்டிஷ் ஃபார்முலா 3. 2001 ஜூன் 14ஆம் தேதி சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் அணியின் ஃபார்முலா ஒன் காரைச் சோதனைக்காக ஓட்டினார். பந்தயத்தில் ஓட இன்னும் நான்கு வருடம் காத்திருந்தார். பிரான்ஸ் பள்ளியிலிருந்து கணக்கிட்டால் 13 வருடம். ஒவ்வொரு படியிலும் வேறு கார், வேறு ஊர், வேறு குளிர். ஒவ்வொரு முறையும் அவர்தான் புதியவர்.

இதில் என்னை நிறுத்தியது அந்த முதற்படி. ஃபார்முலா மாருதி தானாக முளைத்ததல்ல. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் என்ற மனிதர், குடும்பங்கள் கடைகண்ணிக்கு ஓட்டிப்போகும் மாருதி 800 காரின் என்ஜினை எடுத்து, அதைச் சுற்றி ஒரு சிறிய பந்தயக் கார் கட்டினார். வெளிநாட்டுக் கார் வாங்க வழியில்லாத பிள்ளைகள் ஏறி உட்கார ஒரு கார் வேண்டும் என்று யாரோ ஒருவர் நினைத்ததால் வந்த படி அது. 1995இல் அவர் விமான விபத்தில் இறந்துபோனார். பத்து வருடம் கழித்து நரேன் ஃபார்முலா ஒன்னில் ஓடியதைப் பார்க்க அவர் இல்லை. செட்டிப்பாளையத்தில் உள்ள ஓடுகளம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

என் மருமகனுக்குப் பிடித்தது ஃபார்முலா ஒன் அல்ல, அமெரிக்காவின் ஸ்டொக் கார் பந்தயம். கடையில் விற்பனைக்கு நிற்கும் சாதாரண காரை வைத்து ஓடியதால் அந்தப் பெயர். பந்தயத்துக்கென்றே கட்டிய கார்கள் இன்று ஓடினாலும், பெயர் மாறவில்லை. அந்த ஆட்டத்தின் வேர் கசிப்புக் கடத்தலில் இருக்கிறது. தென்மாநில மலைகளில் கசிப்பு ஏற்றிக்கொண்டு இரவில் பொலிஸுக்குத் தப்பி ஓடிய இளைஞர்கள், ஓய்ந்த நேரத்தில் யார் கார் வேகம் என்று வயல்வெளியில் போட்டி வைத்தார்கள். அவர்களையும் மற்ற ஓட்டுநர்களையும் ஒரு சட்டதிட்டத்துக்குள் கொண்டுவந்த நாஸ்கார் அமைப்பு 1948இல் உருவானது. அங்கே ஏறும் முறையும் ஏணிபோலத்தான்: ஊர்ப்புறத்துச் சிறிய வட்டக் களங்கள், பிறகு டிரக் தொடர், அதற்குமேல் இரண்டாம் தரத் தொடர், உச்சியில் கப் தொடர்.

அந்த ஏணியில் ஒருவரை மறக்க முடியவில்லை. வர்ஜீனியாவின் டான்வில் ஊர்க்காரர், வெண்டல் ஸ்கொட். கறுப்பினத்தவர். இராணுவத்தில் வாகனம் திருத்தியவர், கசிப்பும் ஏற்றியவர். தன் காரைத் தானே திருத்தினார். பிள்ளைகளே அவருடைய மெக்கானிக்குகள். 1963 டிசம்பர் 1ஆம் தேதி ஜாக்சன்வில் களத்தில் அவர்தான் முதலில் வந்தார். ஆனால் அன்று கொடியும் கோப்பையும் இரண்டாவதாக வந்த வெள்ளையருக்குப் போயின. கணக்கில் பிழை என்று சில மணி நேரம் கழித்து ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. ஸ்கொட் 1990இல் காலமானார். நாஸ்கார் அவருடைய குடும்பத்தின் கையில் கோப்பையைக் கொடுத்தது 2021இல்.

இதை மருமகனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் கேட்டது ஒன்றுதான்: “அதுக்குப் பிறகும் அவரு ஓடினாரா?” ஓடினார், இன்னும் பத்து வருடத்துக்குக் கிட்ட.

நம் நரேனும் ஒரு முறை இதே ஏணியில் கால் வைத்தார். 2010 மார்ச்சில், ஃபார்முலா ஒன்னில் ஓடியிருந்தும், 33 வயதில், டிரக் தொடரில் ஒரு புதுப் பையனைப்போலச் சேர்ந்தார். 2005இல் அவர் ஓட்டிய கார் ஓட்டுநரோடு சேர்த்துச் சுமார் 600 கிலோ; இந்த டிரக்கோ 1,500 கிலோவுக்கும் மேல். இங்கே திருப்பமெல்லாம் இடப்பக்கம் மட்டும். அவருடைய முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில் களத்தில். அரை மைல் சுற்று, இறுக்கமான வளைவுகள். பிரேக் தட்டு சிவக்கச் சிவக்கக் காயும் இடம் என்று பெயர் வாங்கிய களம். 13ஆவதாக வந்தார். அந்த வருட முடிவில் டிரக் தொடரின் மிகப் பிரபல ஓட்டுநர் என்று இரசிகர்கள் அவரையே தெரிவு செய்தார்கள். உச்சியைத் தொட்டவர் மறுபடி கீழ்ப்படியில் வந்து நின்று பழகினார். எனக்கு அவருடைய வெற்றிகளைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

நம் தீவிலும் படிகள் இல்லாமல் இல்லை. நுவரெலியாவின் மஹகஸ்தோட்டையில் மலையேறும் கார்ப் பந்தயம் 1934இலேயே தொடங்கிவிட்டது. எங்கள் மாவட்டத்திலேயே சீகிரியாவில் ரேலி கிராஸ் நடந்திருக்கிறது. இங்கே ஓடும் கார்களில் பல, கராஜ்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தவைதான்: மினி, நிசான் மார்ச், ஃபோர்ட் லேசர். வீதியில் ஓடிய காரின் உள்ளிருப்பைப் பிரித்தெடுத்து, இரும்புக் குழாயால் கூடு கட்டி, ஓட்டுநரை வாரால் இறுக்கி இறக்குகிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் இதுவே ஸ்டொக் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இந்த நாட்டின் கார்களை ஓடவைத்தவர்கள் இந்த மண்தரைக் கராஜ்களின் பாஸ்மாரும் பழகுநர்களும்தான். அந்தக் கைகளில் பந்தயத்துக்கு வேண்டிய பாதி வித்தை ஏற்கெனவே இருக்கிறது.

இதை நான் கண்ணால் கண்டது அந்த வேன் பிரேக் வேலையின்போதுதான். பிரேக் குழாயில் காற்றுப் புகுந்திருந்தது, எடுக்க வேண்டும். என்னைச் சீட்டில் உட்காரவைத்தான். அவன் சக்கரத்தடியில். நிப்பிளில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, மறுமுனையைப் பிரேக் ஒயில் உள்ள போத்தலில் விட்டான். “மிதிங்க மாமா. மிதிங்க. புடிச்சுக்குங்க.” ஸ்பேனர் கால் சுற்றுத் திரும்பியதும் என் காலுக்கடியில் பெடல் மெல்ல அமிழ்ந்தது. போத்தலில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. “விடாதீங்க. நான் மூடுனப் பிறகுதான் விடணும்.” ஏழெட்டு முறை. கடைசியில் குமிழ் வரவில்லை. பெடல் கல்லாக நின்றது. எழுந்து வந்து தானும் ஒருமுறை மிதித்துப் பார்த்தான். “பிரேக் நல்லா இருந்தாத்தான் மாமா வேகமாப் போகலாம்” என்றான்.

அதற்குப் பிறகுதான் விசாரித்து அறிந்தேன்: பந்தயம் தெரிந்தவர்கள் முதற்பாடமாகச் சொல்வது அதுவே. நேர்வழியில் எவரும் அக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். எந்த இடத்தில் பிரேக் பிடிப்பது, எவ்வளவு அழுத்துவது, வளைவுக்குள் எப்போது மெல்ல விடுவது என்பதில்தான் ஓட்டுநர் தெரிகிறார்.

எனக்கு உடனே தேர் நினைவுக்கு வந்தது. மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேர் வீதி உலா வரும். அப்பாவின் தோளில் இருந்து அதைப் பார்த்த வயதில், பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், தமிழ்நாட்டில் தான் கண்ட பெரிய மரத் தேர்களைப்பற்றி அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர்; ஆனால் தேரை ஓட்டுகிறவர் சக்கரத்தோடு நடந்து, ஆப்புப்போன்ற கட்டையைக் கீழே கொடுப்பவர்தான் என்றார். எந்தச் சக்கரத்துக்கு, எந்த நொடியில் கொடுப்பது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கட்டையால்தான் தேர் தெருமுனையில் திரும்புகிறது. இறக்கத்தில் கூட்டத்தின்மேல் ஏறாமல் நிற்கிறது. அதற்குப் பெயர் முட்டுக்கட்டை.

நாம் அந்தச் சொல்லைத் தடை என்ற பொருளில்தான் அன்றாடம் சொல்கிறோம். ‘நமக்கு எதுக்கு’ என்று நான் மருமகனிடம் சொன்னது அந்த முட்டுக்கட்டை. வெண்டல் ஸ்கொட்டின் கோப்பையைப் பிடித்துவைத்ததும் அதுவே. தேர்க்காரரின் கட்டை வேறு. தேர் ஓட வேண்டும் என்று விரும்புகிறவரின் கையில் அது இருக்கிறது. அவர் தேரோடு கூடவே நடக்கிறார். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் தேவைப்படுவது இந்த இரண்டாம் வகையாக.

கட்டையே வேண்டாம், ஆசைப்பட்டதைச் செய்யட்டும் என்றும் என்னால் சொல்ல முடியாது. 2024 ஏப்ரல் 21ஆம் தேதி தியத்தலாவையில் ஃபொக்ஸ்ஹில் பந்தயத்தின்போது ஒரு கார் களத்தைவிட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒரு சிறுமியும் இருந்தாள். விடுமுறைக் குதூகலத்தோடு பந்தயம் பார்க்கப் போன குடும்பங்களும் அங்கே இருந்தன. அந்த நாளை மறைத்துவிட்டு எந்தப் பிள்ளைக்கும் நான் பந்தயத்தைப் பற்றிப் பேசமாட்டேன். ஏ9இல் தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி லொறிகள் ஓடும் இரவில், மோட்டார் சைக்கிளில் வேகம் காட்டி உயிரை விட்ட பையன்களின் வீடுகளுக்கும் நான் போயிருக்கிறேன். வேகத்துக்குக் களம் வேண்டும், கவசம் வேண்டும், அனுமதிப்பத்திரம் வேண்டும், கூட இருந்து நிறுத்தச் சொல்ல ஒருவர் வேண்டும். இவை இல்லாத இடத்தில் வேகம் கொலை.

போன மாதம் மருமகனிடம் என் பழைய பதிலைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். நீ சம்பியன் ஆவாய் என்று சொல்லவில்லை. எனக்கு அது தெரியாது. மூன்று விஷயம் சொன்னேன். வீதியில் ஒருநாளும் வேகம் காட்டக்கூடாது. பிரேக்கும் சஸ்பென்ஷனும் யார் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். அடுத்து எங்கே பந்தயம் நடக்கிறதோ, அங்கே ஏதாவது ஓர் அணியில் ஸ்பேனர் பிடிக்க இடம் கேட்கலாம், நானும் கூட வருகிறேன். லொறியில் ஏறுகிறவன் முதலில் கிளீனராகத்தானே ஏறுகிறான். அது எங்கள் ஊர் அறிந்த படி.

அவன் பாஸிடம் சொல்லியிருக்கிறான். தெரிந்த ஒருவரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று பாஸ் சொல்லியிருக்கிறாராம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கைக்கு எட்டாத ஒன்றைக் கேட்டிருக்கலாம், கேட்கப்போகலாம். ‘நமக்கு எதுக்கு’ என்று நாக்கு நுனியில் வந்தால், அதை அங்கேயே நிறுத்துங்கள். எழுந்து அந்தப் பிள்ளையோடு நான்கு அடி நடங்கள். கட்டை உங்கள் கையில் இருக்கட்டும்; தேர் ஓடட்டும்.