திரையில் குடிகாரன்

தமிழர் வாழும் இடங்களிலே, காதலில் தோல்வியுற்றுத் தாடி வளர்த்துக் குடிக்கும் எவனையும் ‘தேவதாஸ்’ என்றழைப்பது வழக்கமாகிவிட்டது. சரத்சந்திரரின் வங்க நாவலொன்றின் நாயகனுடைய பெயர் நம்மிடையே பொதுப்பெயராயிற்றென்றால், அதற்குக் காரணம் நாவலன்று, சினிமாவே. 1953இல் நாகேஸ்வரராவ் நடித்துத் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த படம் அவனை நம் மக்கள் மனத்தில் நிலைநிறுத்திற்று.

தேவதாஸ் ஜமீன்தாரின் மகன். பார்வதியை அவன் மணக்க முடியாமற் போனமைக்குக் குலப்பெருமையும் செல்வச் செருக்குமே காரணங்கள். ஆனால், கதை வளர வளர இச்சமூகக் காரணங்கள் ஒதுங்கிவிட, காதல் வேதனையும் போத்தலும் மாத்திரமே எஞ்சுகின்றன. உழைத்துச் சம்பாதித்துக் குடிக்கவேண்டிய நிலை அவனுக்கில்லை. அவனது குடியாற் பட்டினி கிடக்கும் பிள்ளையுமில்லை. அவன் திருந்திவிட்டால் கதையே கெட்டுவிடும். ஆகவே, அவன் திருந்தக் கூடாதென உள்ளூர விரும்பிக்கொண்டே நாம் கண்ணீர் வடிக்கிறோம். இது வெறுங் காதற் கதைதானே, இதிலென்ன பாதகம் என்று கேட்கலாம். பாதகம் உண்டு.

அடிமைப்பட்டவன் தன் நிலைக்குத் தானே பொறுப்பாளியா என்பது அறவியலிற் பழைய வினா. கையிலிருக்கும் கல்லை எறிவதும் எறியாதிருப்பதும் ஒருவனது விருப்பம். எறிந்தபின் அதைத் திரும்பப் பெற முடியாது. எனினும், எறிந்தவன் அவனேயாதலாற் பொறுப்பும் அவனுடையதே என்றார் அரிஸ்டோட்டில். இதன்படி, முதற் கிண்ணத்தை எடுத்ததோடு அவன் சுதந்திரம் முடிந்துவிடுகிறது. அப்படியாயின், பல்லாண்டு குடித்தபின் அதைவிட்டு வாழும் மனிதரை எவ்வாறு விளங்கிக்கொள்வது? சினிமா இதற்கு எளிய விடையொன்றைக் கண்டது. வீழ்ச்சியைப் போலவே மீட்சியும் ஒரு கணத்தில், ஒரு மனவுறுதியில் நேர்ந்துவிடுகிறது என்பதே அது.

பில்லி வைல்டர் 1945இல் இயக்கிய ‘த லொஸ்ட் வீக்கென்ட்’ பெரிதும் நேர்மையான படம். எழுத்தாளனாக விரும்பும் டொன் பேர்ணம், குடிக்கக் காசின்றித் தன் தட்டச்சுப் பொறியைச் சுமந்துகொண்டு நியூயோர்க் தெருவொன்றிலே அடகுக்கடைகளைத் தேடி அலைகிறான். அன்று யூதரின் விரதநாள். கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. தன் தொழிற் கருவியையே இழக்கத் துணிந்தவனின் அந்நடையை மறக்கவியலாது. ஆயினும், முடிவிலே அவன் எரியும் சிகரெட்டை விஸ்கிக் கிண்ணத்துட் போடுகிறான், தன் கதையை எழுதத் தீர்மானிக்கிறான், படம் முடிகிறது. 1944இல் வெளிவந்த மூலநாவல் இத்தகைய மீட்சியைத் தரவில்லை. அதை எழுதிய சாள்ஸ் ஜாக்சன், எழுதுமுன் குடியை விட்டிருந்தவர். புகழ்பெற்ற பின்னர் மீண்டும் வீழ்ந்து, மீண்டும் எழ முயன்றவர்.

ஒட்டோ பிரமிங்கரின் ‘த மான் வித் த கோல்டன் ஆம்’ (1955) போதைமருந்தைப் பற்றியது. அக்காலத் தணிக்கை விதிகள் தடைசெய்த பொருளாகையால், அங்கீகார முத்திரையின்றியே படம் வெளிவந்தது. மறு ஆண்டில் விதிகளே தளர்ந்தன. சிகிச்சை பெற்றுச் சிக்காகோவுக்கு மீளும் சூதாட்டக்காரன் பிராங்கி, பழைய தெருவுக்கும் பழைய சூதாட்டக் கூடத்துக்குமே மீளுகிறான். வேறிடம் அவனுக்கில்லை. இதைக் காட்டிய அளவிற் படம் உண்மையானது. ஆனால், இறுதியில் அவன் ஓர் அறையிற் பூட்டப்பட்டுச் சில நாள் துடித்து வெளிவந்ததும் விடுதலை பெற்றவனாகிறான். நெல்சன் ஒல்கிரனின் நாவலிலோ அவன் தூக்கிட்டு இறக்கிறான்.

அந்தப் பூட்டிய அறைக்கு நாம் கைதட்டுகிறோம். ஹெரோயினை நிறுத்தியவனது உடல்வேதனை சில நாட்களிற் பெரிதும் தணியும் என்பது மெய்யே. ஏக்கமோ மாதக்கணக்கில் நீடிக்கும். அதற்கிடையில் உடல் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுவதால், முன்னைய அளவையே மீண்டும் எடுப்பவன் இறந்துவிடவுங் கூடும். நெடுங்காலம் கடுமையாகக் குடித்தவன் வைத்திய உதவியின்றித் திடீரென நிறுத்தினால், வலிப்பும் பிதற்றலும் கண்டு உயிர் போவதுமுண்டு.

படமாளிகையிலிருந்து வீடு திரும்பும்போது இந்த அளவுகோலையும் நாம் உடன்கொண்டு வருகிறோம். மூன்று மாதம் குடியாதிருந்து மீண்டும் தவறணைக்குப் போன தோட்டத் தொழிலாளியை மனவுறுதியற்றவனென்று தீர்த்துவிடுகிறோம். அவனுடைய பிள்ளை நம் வகுப்பில் நம்முன்னே அமர்ந்திருக்கிறது. லயன் காம்பராவிலிருந்து அவன் போகும் வழியிற் தவறணை எவருடைய நலனுக்காகத் திறந்திருக்கிறதென்றோ, சாராய வரியால் எவருடைய திறைசேரி நிறைகிறதென்றோ கேட்பதில்லை. அவனுக்குப் பொறுப்பே இல்லையென்பது நம் வாதமன்று. பொறுப்பில்லையெனின் மீட்சிக்கும் இடமில்லை. ஆனால், அப்பொறுப்பு ஒருவன் தனியே, ஒருமுறை, ஓரறைக்குள் நிறைவேற்றி முடிப்பதன்று. இன்றும் நாளையும் மறுநாளும், பிறர் துணையோடு அதை ஏற்றாக வேண்டும். கல் அவ்வாறு செய்யாது, மனிதன் செய்கிறான்.

இந்நீண்ட நாட்களை ஓரளவேனும் காட்டிய படமொன்றுண்டு. 1958இல் ஜே. பி. மில்லர் எழுதிய தொலைக்காட்சி நாடகத்திலிருந்து பிளேக் எட்வேட்ஸ் 1962இல் இயக்கிய ‘டேய்ஸ் ஒஃப் வைன் அன்ட் ரோசஸ்’ அது. மக்கள் தொடர்புத் துறையிற் பணிபுரியும் ஜோவுக்கு, வாடிக்கையாளரோடு குடிப்பதும் உத்தியோகத்தின் ஒரு பகுதி. சொக்கிலேற்றை விரும்பும், குடியறியாத கேர்ஸ்டனுக்குச் சொக்கிலேற்றுச் சுவையுள்ள மதுவைப் பழக்குபவனும் அவனே. இருவரும் மணந்து, குடித்து, அவளது தந்தையின் பூந்தோட்டத்தில் உழைத்துச் சில வாரம் திருந்தியும் வாழ்கின்றனர். பின்பு ஓரிரவு, ஒளித்துவைத்த போத்தலைத் தேடி ஜோ செடிகளையெல்லாம் பிடுங்கியெறிகிறான். குடிநோயாளரின் சங்கமொன்றிற் சேர்ந்த பின்னரும் மறுபடி வீழ்கிறான். சங்கத்தார் அவனைக் கைவிடவில்லை.

இறுதியில் அவன் ஏறக்குறைய ஓராண்டு குடியாதிருக்கிறான். கேர்ஸ்டன் வீட்டுக்கு வருகிறாள், திரும்பிவர விரும்புகிறாள், இனிக் குடிக்கமாட்டேனென்று மட்டும் அவளாற் கூற முடியவில்லை. அவளைவிட ஜோ நல்லவனென்றோ உறுதியானவனென்றோ படம் சொல்வதில்லை. முதற் கிண்ணத்தை அவளுக்குக் கொடுத்தவன் அவனன்றோ! உள்ளே குழந்தை உறங்குகிறது. தெருவிலிறங்கி நடக்கும் அவளை ஜோ யன்னலருகே நின்று பார்க்கிறான். கண்ணாடியிலே, வெளியேயுள்ள மதுச்சாலையின் மின்பலகை அணைந்தணைந்து எரிகிறது.