பாய்மரமும் பணமும்

ஒரே கலையைக் கற்றவர்கள் கூடும் இடத்தில், கையில் காசு குறைந்தவர் மட்டும் தன்னை அயலாராக உணர்வது ஏன்? அது அவர் மனத்தின் குறையா, அந்த இடம் அவருக்கு இழைக்கும் தீங்கா? அறவியலில் பழைய கேள்வி இது. பாய்மரப் படகோட்டத்தில் இந்தக் கேள்வி கூர்மையாக எழுகிறது. காற்றுக்கு விலை இல்லை. படகுக்கும், பாய்க்கும், கரையில் படகை நிறுத்தும் இடத்துக்கும், கிளப்பில் சேர்வதற்கும் விலை உண்டு. நீரில் இருக்கும்போது திறமை ஒன்றே பேசுகிறது. கரையேறியதும் எந்தப் படகு யாருடையது என்பது பேசத் தொடங்குகிறது.

இந்தியாவில் இந்த விளையாட்டு ஆங்கிலேயரின் கிளப்புகள் வழியாக வந்தது. ராயல் பாம்பே யாட் கிளப் 1846இலும் சென்னையின் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இலும் தோன்றின. பம்பாய் கிளப்பில் இந்தியருக்கு நெடுங்காலம் இடமில்லை. கடலே இல்லாத பெங்களூரில் கதை சற்று வேறாக நடந்தது. இங்கே பாய்மரம் விரிவது சுமார் 50 ஹெக்டேர் பரப்புள்ள அல்சூர் ஏரியில். அதன் கரையில் இருப்பது மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் மெட்ராஸ் பொறியாளர் படை. 1780இல் வேர்விட்ட இந்தப் படையின் வீரர்களை ராணுவம் முழுவதும் ‘தம்பி’ என்றே அழைக்கிறது. எதிரே கன்டோன்மென்ட்டின் பழைய தமிழ்க் குடியிருப்புகள். சம்பளத்துக்கு உழைக்கும் சிப்பாயும் பணக்காரரின் பொழுதுபோக்கும் ஒரே நீரில் சந்திக்கும் இடம் இது.

கேள்வியின் மிகப் பழைய வடிவம் மகாபாரதத்தில் இருக்கிறது. துரோணரும் துருபதனும் ஒரே குருவிடம் கற்றவர்கள், சிறுவயது நண்பர்கள். பின்னாளில் வறுமையோடு அரண்மனைக்கு வந்து பழைய நட்பை நினைவூட்டிய துரோணரிடம், அரசனுக்கும் ஏழைக்கும் நட்பு ஏது என்று துருபதன் கேட்கிறான். இதை வெறும் ஆணவமாகத் தள்ளிவிட முடியாது. நிகோமாகிய அறவியல் நூலில் அரிஸ்டாட்டிலும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்: செல்வத்திலோ பண்பிலோ இடைவெளி மிகப் பெரிதாகும்போது நட்பு நிலைக்காது, அதை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. துருபதன் கொடியவன் என்பதால் மட்டும் துரோணருக்கு வலிக்கவில்லை. ஒரே வில்லைப் பிடித்துக் கற்ற இருவரில் ஒருவரது கல்வி மட்டும் கணக்கில் வராமல் போனதால் வலித்தது. முன்பின் தெரியாத செல்வந்தரின் மாளிகையைப் பார்த்து யாரும் இப்படிக் காயப்படுவதில்லை. தன் கலையை அறிந்த இன்னொருவரிடம்தான் காயப்படுகிறார்கள்.

இந்தக் காயத்துக்குச் சிந்தனை மரபுகள் தந்த முதல் மருந்து, மனத்தை மாற்று என்பது. நம் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்தறிந்து, இல்லாததற்காக வருந்தாதே என்கிறார் அடிமையாகப் பிறந்த எபிக்டெடஸ். கீதை மானத்தையும் அவமானத்தையும் சமமாகக் கொள்ளச் சொல்கிறது. வள்ளுவர் அழுக்காறாமைக்குத் தனி அதிகாரமே ஒதுக்கி, பொறாமையைப் பொறாமைப்படுபவரின் கேடாகவே காண்கிறார். இந்த மருந்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பெரிய படகு இல்லை என்ற ஏக்கத்தில் கையிலிருக்கும் சிறிய படகின் மகிழ்ச்சியையும் இழப்பது உண்மையாகவே நடக்கிறது. அதற்கு மனமே பொறுப்பு.

ஆனால் அதே வள்ளுவர் நல்குரவு என்ற அதிகாரத்தில் வேறு குரலில் பேசுகிறார். நல்ல பொருளைத் தெளிவாக அறிந்து சொன்னாலும் வறியவர் சொல் எடுபடாது என்பதை அங்கே ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்கிறார். இது பொறாமை பற்றிய பேச்சு அல்ல. கேட்க மறுக்கும் சபையைப் பற்றிய பேச்சு. அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும் வள்ளுவர் சிலையே 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. ஓரிடத்தில் இருப்பது வேறு, அங்கே ஏற்கப்படுவது வேறு என்பது இந்த ஏரிக்குப் புதிதல்ல.

ஆடம் ஸ்மித் 1776இல் இதைப் பொருளியல் மொழியில் வைத்தார். உயிர்வாழ லினன் சட்டை தேவையில்லை. பண்டைய கிரேக்கரும் ரோமரும் அது இல்லாமலேயே நன்றாக வாழ்ந்தார்கள். ஆனால் அவர் காலத்து ஐரோப்பாவில் அது இல்லாமல் பொது இடத்துக்கு வர ஒரு தினக்கூலியும் வெட்கப்படுவார். ஆகவே அதுவும் அத்தியாவசியப் பொருளே என்றார் ஸ்மித். அமர்த்தியா சென் 1983இல் இந்த வாதத்தை மேலும் கூர்மையாக்கினார்: வருமானத்தில் மற்றவரைவிடக் குறைந்திருப்பது, வெட்கமின்றி நாலு பேர் நடுவில் நிற்கும் ஆற்றலை முழுமையாகவே பறித்துவிடலாம். பெங்களூரில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. 2024 ஜூலையில், மகனோடு படம் பார்க்க வந்த ஒரு முதிய விவசாயியை, வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக மாகடி சாலை வணிக வளாகம் ஒன்று உள்ளே விடவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அரசு அந்த வளாகத்தை ஒரு வாரம் மூட உத்தரவிட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியையே வாசலில் நிறுத்தியது. அதன் பிறகு தமிழக அரசு 2014இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நீதிபதியிடம் பணமும் பதவியும் இருந்தன. வாசலில் அவை கேட்கப்படவில்லை.

பணம் மட்டும் இந்த வாசலைத் திறக்காது என்பதற்குப் பாய்மர உலகின் பெரிய சான்று தாமஸ் லிப்டன். கிளாஸ்கோ நகரில் சிறு மளிகைக் கடை நடத்திய ஐரிஷ் பெற்றோரின் மகன். மளிகைக் கடைகளாலும் தேயிலையாலும் கோடீஸ்வரர் ஆனவர். 1899 முதல் 1930 வரை ஐந்து முறை, ‘ஷாம்ராக்’ என்றே பெயரிட்ட படகுகளை அனுப்பி அமெரிக்கக் கோப்பைக்குப் போட்டியிட்டார். ஐந்திலும் தோல்வி. மன்னர் ஏழாம் எட்வர்டு அவருடைய நண்பர். அப்படியிருந்தும் 1815இல் தொடங்கிய ராயல் யாட் ஸ்குவாட்ரன் அவரை உறுப்பினராக்கியது 1931இல், அவர் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான். அதுவரை அவர் மன்னரின் நட்பைப் பெற்றவராகவும் மளிகைக்காரராகவும் ஒரே நேரத்தில் இருந்தார்.

படகு விளையாட்டின் விதிகளே இந்த மனப்பாங்கை எழுதி வைத்திருந்தன. தேம்ஸ் நதியில் நடக்கும் ஹென்லி துடுப்புப் போட்டியின் நிர்வாகிகள் 1879இல் வகுத்த விதி, கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞர்களையும் தொழிலாளிகளையும் அமெச்சூர் வீரர்கள் பட்டியலிலிருந்து விலக்கியது. கையால் உழைத்துப் பிழைப்பவருக்கு நீரில் விளையாடத் தகுதி இல்லை என்பதே அதன் பொருள். சோழமண்டலக் கரையில் தலைமுறை தலைமுறையாகப் பாய் விரித்த மீனவர்களைக் கிளப்புகள் சக படகோட்டிகளாக நினைத்துப் பார்க்காததும் இதே மனப்பாங்கையே காட்டுகிறது.

கன்னட மண் இதற்கு நேர் எதிரான ஒரு மரபைப் பெற்றிருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரில் பசவண்ணரைச் சூழ்ந்து திரண்ட சிவபக்தர்களான சரணர்களில் ஒருவர் அம்பிகர சௌடய்யா, ஓடக்காரர். சரணர்கள் வசனங்கள் எனப்படும் தங்கள் பாடல்களில் பெரும்பாலும் தாம் வழிபடும் இறைவனின் பெயரையே முத்திரையாக வைப்பார்கள். சௌடய்யா வைத்த முத்திரை ‘அம்பிகர சௌடய்யா’ என்ற தன் பெயரும் தொழிலுமே. அவர் தன் மனத்தை மட்டும் மாற்றிக்கொண்டு அமைதி அடைந்தவர் அல்ல. சரணர்களின் சபையான அனுபவ மண்டபத்தில் செருப்புத் தைப்பவரும் கயிறு திரிப்பவரும் அமைச்சரான பசவண்ணரும் ஒன்றாக அமர்ந்தார்கள். காயகம் என்ற உழைப்பே ஒருவரின் தகுதி என்று சபையின் விதியே மாறியது. ஓடக்காரரின் தன்மதிப்பு அவருடைய உள்ளத்திலிருந்து எந்த அளவு பிறந்ததோ, அந்தச் சபையிலிருந்தும் அந்த அளவு பிறந்தது. ஜான் ரால்ஸ் 1971இல் சுயமரியாதையின் சமூக அடித்தளம் என்று பேசியது இதைத்தான். நம் முயற்சியைப் புரிந்து மதிக்கும் ஒரு கூட்டமாவது இல்லாமல், தன்மதிப்பை ஒருவர் தனியாகத் தாங்கிப் பிடிப்பது மிகக் கடினம்.

பாய்மரப் படகோட்டம் தனக்குள்ளேயே சமத்துவத்துக்கு இரண்டு வழிகளைக் கண்டிருக்கிறது. ஒன்று, அவரவர் படகோடு வரலாம். வேகமான படகின் நேரத்தைக் கணக்குப் போட்டுத் திருத்துவார்கள். இந்த வழியில் செல்வம் அப்படியே இருக்கும், முடிவு மட்டும் சரிசெய்யப்படும். இரண்டாவது, எல்லோருக்கும் ஒரே வடிவப் படகு. 1947இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்த ‘ஆப்டிமிஸ்ட்’, சிறுவர்கள் இரண்டு பிளைவுட் பலகைகளில் 50 டாலருக்குள் கட்டிக்கொள்ளும் எண்ணத்தில் பிறந்தது. புரூஸ் கிர்பி வரைந்த ‘லேசர்’, 1996இல் ஒலிம்பிக்கில் நுழைந்தது. இன்று ஐஎல்சிஏ என்று அழைக்கப்படும் இந்தப் படகை ஒலிம்பிக்கில் போட்டி நடத்துபவர்களே எல்லோருக்கும் தருகிறார்கள். இந்த இரண்டாம் வழியே மேலானது. முதல் வழி மெதுவான படகுக்கு ஈடு தருகிறது. இரண்டாம் வழி, என்ன படகு என்ற கேள்வியையே எடுத்துவிடுகிறது.

சொந்தப் படகு தேவைப்படாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை ராணுவம் காட்டியிருக்கிறது. 1985 செப்டம்பரில் பம்பாயிலிருந்து புறப்பட்டு 1987 ஜனவரியில் திரும்பிய ‘திரிஷ்ணா’, பாய்மரத்தில் உலகைச் சுற்றிய முதல் இந்தியப் படகு. அதைச் செலுத்தியவர்கள் ராணுவப் பொறியாளர்கள். அல்சூர் ஏரியின் ராணுவப் படகு கிளப்பும் அந்தப் பெயரையே தாங்கியிருக்கிறது. வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் ராணுவ வீரர். அவருடைய தந்தையும் ராணுவத்தில் படகோட்டியவர். விஷ்ணு டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் போட்டியிட்டார். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஐஎல்சிஏ 7 பிரிவில் வெண்கலம் வென்றார். ஆனால் இந்தக் கதவு சீருடை அணிந்தவர்களுக்கானது. படகைச் சமமாக்கிய பிறகும், ஆண்டுக்கணக்கான வெளிநாட்டுப் பயிற்சிக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவு சமமாவதில்லை.

அயலாராக ஒதுக்கப்பட்டவரின் கடமை என்ன என்பது இந்தக் கேள்வியின் கடைசிப் பகுதி. பெரும்பாலும் அது விடுபட்டுப் போகிறது. துருபதனிடம் அவமானப்பட்ட துரோணர், மாணவர்களைக் கொண்டு அவனுடைய நாட்டில் பாதியைப் பறித்துச் சமமானார். அதே துரோணர், வில் கற்க வந்த வேடர் தலைவனின் மகன் ஏகலைவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பின்னர் அவனது கட்டை விரலையும் கேட்டு வாங்கினார். மறுக்கப்பட்ட அனுபவம் அவருக்கு மறுக்காமல் இருக்கக் கற்றுத்தரவில்லை. லிப்டனின் கதைக்கும் இப்படி ஓர் அடித்தளம் உண்டு. ஷாம்ராக் படகுகளுக்குப் பணம் தந்த தேயிலை, 1890 முதல் அவர் வாங்கிய இலங்கை மலைத்தோட்டங்களிலும் விளைந்தது. ஹப்புத்தளை அருகே தம்பதென்னையில் அவருடைய தொழிற்சாலை இன்றும் நிற்கிறது. அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர்கள். லிப்டனுக்கு ஒரு கிளப்பின் உறுப்பினர் பதவி 1931இல் கிடைத்தது. அந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது.