ஒற்றைக்கண் குதிரையும் மின்சாரக் காரும்



ஒரு நாள் சாயங்காலப் பூசை முடிந்து வீடு திரும்புகிறீர்கள். போன் அடிக்கிறது. தெரிந்த தரகர் ஒருவர் பேசுகிறார். “அண்ணாச்சி, சென்னையிலே ஒரு மின்சாரக் கார் விலைக்கு வருது. பெரிய எடத்து வண்டி, ஒரே ஓனர், கல்லு மாதிரி இருக்கு. புதுசா வாங்குன வெலையிலே பாதிக்குத் தாராங்க. ரெண்டு நாள்ல முடிவு சொல்லுங்க, வேற ஆளும் கேக்காங்க.” வளைகுடா தேசத்தில் வருஷக்கணக்காய் வேலை பார்த்து, நாலு காசு சேர்த்துக்கொண்டு சாயர்புரத்துக்குத் திரும்பிய உங்களுக்கு அன்றிரவு நித்திரை வருமா?

இத்தகைய அழைப்பு இக்காலத்தில் அபூர்வமல்ல. 2020 அக்டோபரில் மெர்சிடிஸ் கம்பெனி தன் முதல் மின்சாரக் காரை இந்தியாவில் விற்க வந்தபோது, கடை விலை 99 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். அப்படி வாங்கிய கார்கள் இப்போது இரண்டாம் கைக்கு வருகின்றன. புதிய மாதிரிகள் ஒரே சார்ஜில் இன்னும் அதிக தூரம் ஓடுவதாலும், பழைய பாட்டரியைப் பற்றி ஜனங்களுக்குள்ள பயத்தாலும் விலை மளமளவென்று இறங்கிவிடுகிறது. போதாதற்கு, தூத்துக்குடிக்கு அப்பால் சில்லாநத்தத்தில் வியட்நாம் தேசத்து வின்பாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார்த் தொழிற்சாலை 2025 ஆகஸ்டு 4-ந் தேதி திறக்கப்பட்டது. மின்சாரக் கார் என்பது இனி நம் பக்கத்தில் வேடிக்கைப் பொருளாயிராது.

ஆடம்பரக் கார் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்குத் தகுமா என்று சிலர் கேட்பார்கள். அதைப்பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. 2013-ல் பிரான்சிஸ் பாப்பரசர், புதுப்புதுக் கார்களில் போகும் குருக்களையும் கன்னியரையும் கண்டால் மனம் நோகிறதென்று சொன்னார். அதே வருஷத்தில் இத்தாலியக் குருவானவர் ஒருவர் அவருக்கு வெகுமதியாகக் கொடுத்தது, 1984-ம் வருஷத்து ரெனோ கார், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்தது. அதைப் பாப்பரசர் சந்தோஷமாய் வாங்கிக்கொண்டார். ஆகவே பழைய வண்டியில் அவமானம் ஒன்றுமில்லை. கடன் வாங்கிக் காட்சிக்காக நிறுத்துவதற்கு வாங்குகிறீர்களா, உபயோகத்துக்கு வாங்குகிறீர்களா என்பது உங்கள் மனச்சாட்சிக்குத் தெரியும். இங்கே நாம் யோசிக்க வேண்டியது வேறு விஷயம்: விற்கிறவன் எவ்வளவு சொல்லக் கடமைப்பட்டவன்?

பெட்ரோல் காரானால், இஞ்சினின் சத்தத்தைக் கேட்டே நல்ல மெக்கானிக் பாதி சொல்லிவிடுவான். மின்சாரக் கார் சத்தம் போடாது. அதில் பெரும் விலையுள்ள உறுப்பு அடித்தட்டில் மூடிக்கிடக்கும் பாட்டரி. காரின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். அது வயதாக ஆகத் தேயும். உஷ்ணத்திலும், அடிக்கடி அதிவேக சார்ஜ் ஏற்றுவதாலும், நிரப்பியபடியே நாட்கணக்காய் நிறுத்துவதாலும் இன்னும் சீக்கிரமாய்த் தேயும்.

முன்காலத்தில் மரக்காலின் அடியில் மெழுகை அப்பி வைத்து நெல் அளக்கும் வியாபாரிகள் உண்டென்று பெரியவர்கள் சொல்வார்கள். மரக்கால் தலைதட்டி நிறைந்திருக்கும்; நெல் மாத்திரம் குறைந்திருக்கும். பழைய பாட்டரியும் அந்த மரக்காலைப் போன்றதே. முழு சார்ஜ் ஏற்றியவுடன் முன்பலகையில் 100 சதவிகிதம் என்று காட்டும். எதில் நூறு? புதிதில் 80 யூனிட் மின்சாரம் கொண்ட பாட்டரி இன்று 60 யூனிட்தான் கொள்ளுமானால், அந்த அறுபது நிறைந்தாலும் நூறென்றே காட்டும். உள்ளபடி எவ்வளவு மிஞ்சியிருக்கிறதென்று அறிய, கருவியைப் பொருத்திச் சோதிக்க வேண்டும். பாட்டரிக்குக் கம்பெனிகள் சாதாரணமாய் எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரையில் உத்தரவாதம் தருகின்றன. 2020-ல் வாங்கிய காருக்கு அது 2028-ல் முடிந்துபோகும். அதன்பின் பாட்டரி கெட்டால் முழுச் சுமையும் உங்கள் தலைமேல்.

ஆனால் உடைமைக்காரருக்கு ஒரு கருவியும் தேவையில்லை. முதல் வருஷம் சென்னையிலிருந்து திருச்சி வரையில் நில்லாமல் போன வண்டி, இப்போது பெரம்பலூருக்கு முன்பே சார்ஜுக்கு நிற்கிறதென்பது அவருக்கு நன்றாய்த் தெரியும். கேட்டால், “நல்லாத்தான் ஓடுது” என்கிறார். கேட்காவிட்டால் வாயே திறப்பதில்லை. இந்த மௌனம் களவா?

சட்டத்தைக் கேட்டால் விசித்திரமான பதில் கிடைக்கும். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 17-ம் பிரிவு வஞ்சகம் இன்னதென்று விளக்குகிறது. அங்கே ஒரு குதிரைக் கதை உதாரணமாய் வைக்கப்பட்டிருக்கிறது. ஒருவன் சுகமில்லாத குதிரையை, அது சுகமில்லாததென்று தெரிந்தே ஏலத்தில் விற்கிறான், ஒன்றும் சொல்லவில்லை. இது வஞ்சகமல்லவென்று சட்டம் சொல்லுகிறது. அடுத்த உதாரணத்தைப் பாருங்கள்: வாங்குகிறவள் விற்கிறவனுடைய மகள், இப்போதுதான் வயதுக்கு வந்தவள். அப்போது தகப்பன் குதிரையின் கோளாற்றைச் சொல்லக் கடமைப்பட்டவன். மூன்றாவது உதாரணத்தில், வாங்குகிறவன், “நீர் மறுக்காவிட்டால் குதிரை சுகமாயிருக்கிறதென்று எடுத்துக்கொள்வேன்” என்கிறான். விற்கிறவன் சும்மா இருக்கிறான். அந்த மௌனம் பேச்சுக்குச் சமானம்.

வாங்கப்போகிற வாசகரே, இந்த மூன்றாவது உதாரணத்தை மறவாதேயுங்கள். பாட்டரியின் நிலை என்ன, வண்டி எப்போதாவது வெள்ளத்தில் நின்றதா, விபத்துக்குப்பின் இன்சூரன்ஸ் பணம் வாங்கப்பட்டதா என்று எழுத்திலே கேளுங்கள். வாட்ஸாப்பில் கேட்டாலும் போதும்.

விற்கப்போகிற வாசகருக்கோ இரண்டாவது உதாரணந்தான். மகளுக்குச் சொல்ல வேண்டும், ஊரானுக்கு வேண்டாம் என்கிறது சட்டம். ஞானோபதேசம் படித்த நம்மிடம், பிறன் யாரென்ற கேள்வி முன்பே கேட்கப்பட்டிருக்கிறது.

குதிரை வியாபாரத்தைப்பற்றி சட்டத்துக்கு ஆறு நூறு வருஷங்களுக்கு முன்பே எழுதியவர் ஒருவர் உண்டு. அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் தமது வேதசாஸ்திரப் பெருநூலாகிய சும்மாவின் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில், 77-ம் கேள்வி முழுவதையும் வாங்கல் விற்றலில் நடக்கும் வஞ்சகத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். அவருடைய தீர்ப்பு மிகவும் நிதானமானது. குறை கண்ணுக்குத் தெரிவதானால், உதாரணமாகக் குதிரைக்கு ஒரு கண் இல்லையானால், அதை வாய்விட்டுச் சொல்லக் கடமையில்லை. ஆனால் அதற்கேற்ற விலையைக் குறைத்திருக்க வேண்டும். குறை மறைவாயிருந்து, அதனால் வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ வருமானால், சொல்லியே தீரவேண்டும். சொல்லாமல் விற்றால் அந்தக் கிரயம் அநீதமானது.

கதவில் கீறலும் சீட்டில் கிழிசலும் ஒற்றைக் கண். தேய்ந்த பாட்டரி மறைந்த நோய். இதைப் பிரித்தறிய பெரிய சாஸ்திரம் வேண்டாம்.

அர்ச்சியசிஷ்டவர் வியாபாரிக்கு விரோதியல்ல. குறையைத் தமுக்கடித்து ஊரெல்லாம் அறிவிக்கத் தேவையில்லை என்கிறார். அப்படிச் செய்தால் பொருளின் நல்ல குணங்களைப் பார்க்கக்கூட யாரும் வரமாட்டார்கள். வந்து கேட்கிறவனிடம் தனியே சொன்னால் போதும். ஆகவே விளம்பரத்திலேயே “பாட்டரி தேய்ந்த கார்” என்று போடும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இன்னுமொன்று. தானியம் விலையேறிய ஊருக்குக் கோதுமை கொண்டுபோகும் வியாபாரி, பின்னால் வேறு பலரும் கொண்டுவருகிறார்களென்று அறிந்திருந்தால் அதைச் சொல்ல நீதியின்படி கடமையுண்டா? இல்லையென்கிறார், சொன்னால் அது அதிக புண்ணியம். அதுபோல, அடுத்த மாதம் இதைவிட நல்ல புதிய கார் மலிவாய் வருகிறதென்பதை நீங்கள் சொல்லாவிட்டால் அது பாவமல்ல. அது நாளைய விலை. பாட்டரியோ இன்றைய பொருள்.

“பழைய வண்டி என்றாலே சூதாட்டந்தானே? வாங்குகிறவன் துணிந்துதானே வாங்குகிறான்?” என்று ஒரு சமாதானம் உண்டு. இதற்குப் பதில் நம்முடைய கடற்கரையிலேயே இருக்கிறது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறவாமலே ஆயிரம் ஆயிரமாய் ஏலம் போடுவார்கள். 1955 முதல் 1961 வரையில் நடந்த குளிப்புகளே கடைசி. பார்த்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கக்கூடும். ஆயிரம் சிப்பி எடுத்தவனுக்கு அதிர்ஷ்டமும் அடிக்கும், வெறுங்கையும் மிஞ்சும். அதை யாரும் மோசமென்று சொன்னதில்லை. ஏனென்றால் கூறினவனுக்கும் உள்ளே என்னவென்று தெரியாது, எடுத்தவனுக்கும் தெரியாது. இருவர் கண்ணும் ஒரே துணியால் கட்டப்பட்டிருந்தது. ஒருவன் இரவிலே சிப்பிகளைத் திறந்து பார்த்து, முத்தில்லாதவைகளை மறுபடி மூடி ஏலத்துக்கு வைத்தால் அதற்கென்ன பெயர்? பெரம்பலூர் விஷயத்தை மறைக்கிறவர் அதைத்தான் செய்கிறார்.

இதுவரை பண நஷ்டத்தைச் சொன்னோம். உயிருக்கு ஆபத்தான மறைவும் ஒன்றுண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பெருக்கெடுத்து ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் வீடுகள் மூழ்கின. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன் சென்னையையும் மிக்ஜாம் புயல் மூழ்கடித்தது. தண்ணீரில் நின்ற வாகனங்களுக்குக் கணக்கேது! சீட்டைக் கழற்றிக் காயவைத்து, வாசனை தெளித்து, மெருகு பூசினால் எந்த வண்டியும் மாப்பிள்ளை மாதிரி நிற்கும். மின்சாரக் காரின் பாட்டரியைத் தண்ணீர் புகாதபடி மூடித்தான் செய்கிறார்கள். ஆனாலும் வெகுநேரம் மூழ்கி, எங்கேனும் கசிந்து நீர் புகுந்தால், விசேஷமாய் உப்புநீர் புகுந்தால், அரிப்பு ஏற்பட்டு நாட்களோ வாரங்களோ கழித்தும் தீப்பிடிக்கக் கூடும். 2022-ல் இயன் புயலுக்குப்பின் அமெரிக்காவின் புளோரிடாவில் அப்படி நடந்ததுண்டு. வெள்ளத்தில் நின்ற மின்சாரக் காரை, பாட்டரியைச் சோதிக்காமலும் சொல்லாமலும் விற்பவர், வாங்கினவருடைய பிள்ளைகள் தூங்கும் வீட்டுக்குக் கீழே அதைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். இங்கே விலையைக் குறைத்துக் கொடுத்தேன் என்ற சமாதானமும் செல்லாது.

விற்கும்போது தெரியாது, பிற்பாடுதான் தெரியவந்ததென்றால்? பாவமில்லை, ஆனால் நஷ்டத்தை ஈடுசெய்யும் கடமை தெரிந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று அதே 77-ம் கேள்வியில் தீர்ப்பிருக்கிறது. கசப்பான மருந்துதான்.

நிற்க. இதுவரை விற்கிறவனையே கூண்டில் ஏற்றினோம்; வாங்குகிறவர்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள். இப்போது உங்கள் முறை.

ஒரு வீட்டில் எஜமானர் இறந்துபோனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய விலையுயர்ந்த மின்சாரக் கார் ஆறு மாதமாய்க் கொட்டகையில் கிடக்கிறது. கதவு திறக்கவில்லை, விளக்கு எரியவில்லை. “பாட்டரி செத்துப்போச்சு, மாத்துனா லட்சக்கணக்கில ஆகும்னு சொல்லுதாங்க. வந்த வெலைக்குக் கொடுத்துரலாம்” என்கிறார் அந்த விதவைத் தாய். நீங்கள் விஷயம் தெரிந்தவர். மின்சாரக் காரில் பெரிய பாட்டரியைத் தவிர, சாதாரணக் காரில் உள்ளதைப் போன்ற 12 வோல்ட் சிறு பாட்டரியும் உண்டென்றும், அது இறங்கிப்போனால் பெரிய பாட்டரி நன்றாயிருந்தும் வண்டி முழுவதும் பிணம்போல் கிடக்குமென்றும் உங்களுக்குத் தெரியும். ஒரு நிமிஷம் வெளி மின்சாரம் கொடுத்துப் பார்த்தீர்கள், முன்பலகை எரிந்தது, கையிலிருந்த கருவியில் பெரிய பாட்டரி பழுதில்லையென்று தெரிந்தது. சில ஆயிரம் ரூபாய் வேலை. அந்த அம்மாள் உள்ளே காப்பி போடப் போயிருக்கிறார்கள். கருவியைப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டு, “ஆமாம்மா, ரொம்பச் செலவாகும்” என்பீர்களா? அல்லது ஒன்றும் பேசாமல் அவர்கள் சொன்ன விலையை எண்ணி வைப்பீர்களா?

பித்தளையென்று நினைத்துப் பொன்னை விற்கிறவனிடம், அது பொன்னென்று தெரிந்தே வாங்குகிறவன் அநீதமாய் வாங்குகிறான், திரும்பக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்கிறார் அர்ச். தோமாஸ். இதைச் சொன்னால் நம்மில் அநேகர், “அது என் சாமர்த்தியம், என் படிப்பு, அதற்கு விலையில்லையா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வைத்தியன் நோயைக் கண்டுபிடித்ததற்குக் கூலி வாங்குகிறான். நோயாளியின் வீட்டை எழுதி வாங்குவதில்லை. காப்பி வந்ததும் அந்த அம்மாளை உட்காரவைத்து உள்ளதைச் சொல்லுங்கள். வண்டியின் இன்றைய மதிப்பை வேறொருவரிடமும் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோளாற்றைக் கண்டதற்கு இன்ன தொகையென்று கூசாமல் கேளுங்கள். பிறகு, வாங்க மனதிருந்தால், விலையைப் பேசுங்கள்.