ஒன்றும் ஆகவில்லையே!

சென்ற கோடையில் ஒரு நாள் பதிப்பாளர் நண்பர் ஒருவருடன் ராயபுரத்துக்குப் போயிருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கிடங்கு ஒன்றின் பாதியை அவர் வாடகைக்கு எடுத்திருக்கிறார். அச்சுக் காகிதக் கட்டுகளும் விற்காத புத்தகங்களும் அங்கே கூரையைத் தொடும்படி அடுக்கியிருக்கும். விற்காத புத்தகங்களில் என் நாவல்களும் உண்டு என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. கிடங்கின் மறு பாதியில் பெயின்ட் டப்பாக்களும், கோணிக் கட்டுகளும், மூடி போட்ட நீல நிறப் பீப்பாய்களும் இருந்தன. பீப்பாய்களில் என்ன இருக்கிறது என்று நண்பரைக் கேட்டேன். "அது வேறு ஒருவருடைய சரக்கு, எனக்குத் தெரியாது" என்றார்.

வாசலில் ஓர் இரும்புச் சட்டத்தில் நான்கு சிவப்பு வாளிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் 'தீ' என்று வெள்ளையில் எழுதியிருந்தது. பழைய சினிமாக் கொட்டகைகளில் இடைவேளையின்போது நாம் எல்லோரும் பார்த்த அதே வாளிகள்தாம். எட்டிப் பார்த்தேன். ஒன்றில் பீடித் துண்டுகள். இன்னொன்றில் டீ குடித்து எறிந்த காகிதக் கோப்பைகள். மூன்றாவதில் காவலாளியின் துண்டும் சாப்பாட்டுத் தூக்கும். நான்காவதற்கு அடிப்பாகமே இல்லை.

"என்ன பெரியவரே, ஒன்றில்கூட மணல் இல்லையே?" என்றேன்.

காவலாளி சிரித்தார். "இன்னா சார் நீங்க! இத்தினி வருசமா இங்கதான் கீறேன். ஒண்ணும் ஆவலியே!"

அந்தப் பதில் அன்று என்னையும் சிரிக்க வைத்தது. வீட்டுக்கு வந்த பிறகு அது சிரிப்பாக இல்லை. 'ஒன்றும் ஆகவில்லையே' என்பது ஒரு கிழவரின் பேச்சு மட்டுமன்று. நம்முடைய நகரங்களை நாம் நடத்திவரும் தத்துவமே அதுதான் என்று தோன்றியது.

யோசித்துப் பார்த்தால், உலகத்தில் இரண்டு வகை வேலைகள் இருக்கின்றன. செய்தால் தெரிகிற வேலை ஒன்று. செய்யாமல் விட்டால்தான் தெரிகிற வேலை மற்றொன்று. விறகடுப்புக் காலத்தில் என் தாயார் தினமும் படுக்கப் போகுமுன் அடுக்களைக்குள் போவார். அணைந்துவிட்டதாகத் தோன்றும் அடுப்பில் சாம்பலைக் கிளறிப் பார்ப்பார். ஒரு கங்கு மினுங்கினாலும் கை நீரைத் தெளித்து, 'சுர்'ரென்று ஓசை அடங்கும்வரை நின்றுவிட்டுத்தான் வருவார். சமையலுக்காக அவரைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். கங்கை அணைத்ததற்காக ஒருவரும் பாராட்டியதில்லை. எப்படிப் பாராட்டுவார்கள்? வீடு எரியவில்லை, எரியாத வீட்டைப் பார்த்து யாருக்கு நன்றி சொல்லத் தோன்றும்?

ஒரு நகரத்தின் தீத்தடுப்புப் பரிசோதகர் செய்வதும் அந்த வேலைதான். தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு ஓடும்போது தெருவே வழிவிட்டு வணங்குகிறது. புதிய வண்டி வந்தால் மாலை போட்டுப் படம் எடுக்கிறார்கள். ஆனால் மாடிப்படியை மறித்துக் கிடக்கும் மூட்டைகளை எடுக்கச் சொன்ன மனிதருக்கு யார் மாலை போட்டார்கள்? ஆகவே, கஜானாவில் பணம் குறையும்போது கத்தரிக்கோல் முதலில் போவது அவர் பக்கந்தான். சாலை போடாவிட்டால் மறுநாளே ஜனங்கள் கேட்பார்கள். பரிசோதிக்காவிட்டால் பத்து வருஷம் யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பத்து வருஷமும் அது இலாபமாகவே தோன்றும்.

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. 1970-களில் நியூயார்க் நகரத்துக்குப் பணமுடை வந்தபோது, ஏழைகள் நெருக்கமாக வாழ்ந்த பகுதிகளில் தீயணைப்புப் பிரிவுகள் மூடப்பட்டன. தென் பிராங்க்ஸ் பகுதி தெருத் தெருவாக எரிந்தது. 2014-ல் லண்டனில் செலவைக் குறைப்பதற்காகப் பத்துத் தீயணைப்பு நிலையங்கள் ஒரே நாளில் மூடப்பட்டன. 2016 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில், கிடங்கு ஒன்றைக் குடியிருப்பாகவும் கலைக்கூடமாகவும் மாற்றி வைத்திருந்த இடத்தில் தீப்பிடித்து 36 பேர் மாண்டார்கள். பல ஆண்டுகளாக எந்த அதிகாரியும் அந்தக் கட்டடத்தை முறையாகப் பரிசோதிக்கவில்லை என்பது பிறகு வெளிவந்தது. அங்கேயும் அதுவரை ஒன்றும் ஆகவில்லை.

நம்முடைய வடசென்னைக்கே வருகிறேன். ராயபுரத்திலிருந்து காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எண்ணூர் வரைக்கும் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கிடங்குகளும் எண்ணெய்த் தொட்டிகளும் ஆலைகளும், நடுவே கன்டெய்னர் லாரிகள், இத்தனைக்கும் இடுக்கில் ஜனங்கள். சற்று உள்ளே தள்ளி மணலி. அங்கே சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. உர ஆலை இருக்கிறது. இவற்றோடு, 2015-ஆம் ஆண்டிலிருந்து ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் வேறொன்றும் இருந்தது. ஏறக்குறைய 740 டன் அம்மோனியம் நைட்ரேட். வெளிநாட்டிலிருந்து வந்த அந்தச் சரக்கைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்து, 37 பெட்டகங்களில் அங்கே வைத்திருந்தார்கள்.

பார்ப்பதற்கு வெள்ளை உப்புப் போல இருக்கும் பொருள் அது. உரமாகிறது, கல் குவாரிகளில் பாறை பிளக்கும் வெடிமருந்தும் ஆகிறது. தானாக எரியாது. ஆனால் அடைபட்ட இடத்தில் கடுஞ்சூடு ஏறினால், ஒரு வட்டாரத்தையே தரைமட்டமாக்கிவிடும். இதை எப்படி வைக்க வேண்டும், யார் வைக்கலாம் என்பதற்கு 2012-லேயே நம் நாட்டில் தனி விதிகள் வந்துவிட்டன. இருந்தும் சரக்கு ஐந்து வருஷம் அங்கேயே தூங்கிற்று. 2015 வெள்ளத்தில் அதில் ஒரு சிறு பகுதி நனைந்து வீணாயிற்று; மீதி அசையவில்லை.

பிறகு 2020 ஆகஸ்டு 4-ஆம் தேதி வந்தது. லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அதுவும் ஒரு கப்பலிலிருந்து இறக்கி, ஆறு வருஷமாகக் கிடங்கில் வைக்கப்பட்டிருந்த சரக்கு. 'இதை அப்புறப்படுத்துங்கள்' என்று அங்கிருந்த சுங்க அதிகாரிகள் பலமுறை கடிதம் எழுதியிருந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிடங்கில் புகை வருகிறது என்று கேட்டு ஓடி வந்த தீயணைப்புக் குழுவினர் பத்துப் பேரும் அவர்களுள் அடக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த சில நாட்களுக்குள் மணலிச் சரக்கு பத்திரிகைகளில் செய்தியாயிற்று. பத்திரமாகவே இருக்கிறது என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஒரு வாரம் ஆவதற்குள் முதல் லாரிகள் ஹைதராபாத்தை நோக்கிப் புறப்பட்டுவிட்டன. ஐந்து வருஷம் நகராத பெட்டகங்கள் ஐந்தாறு நாளில் நகர்ந்தன! நகர்த்தியது எது? நம் விதிகளா? நம் மனச்சாட்சியா? இல்லை. எங்கோ கடல் கடந்த ஊரில் செத்துப்போன மனிதர்கள் நகர்த்தினார்கள்.

இந்த இடத்தில்தான் என் மனத்தை உறுத்தும் கேள்வி பிறக்கிறது. பெய்ரூட்டில் நடந்ததைக் குற்றம் என்கிறோம். மணலியில் நடந்ததை என்னவென்று சொல்வது? அளவு வேறு, சூழ்நிலை வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆபத்தான சரக்கைக் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் வருஷக் கணக்காக விட்டுவைத்தது இரண்டிடத்திலும் ஒன்றுதானே? வித்தியாசம் ஒரு தீப்பொறி. அந்தப் பொறி நம் பக்கம் விழவில்லை. விழாததற்காக நாம் நிரபராதிகளா?

எண்ணூர் நெடுஞ்சாலையில் இரண்டு லாரி ஓட்டுநர்கள் ஒரே இரவில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணயர்ந்து விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் வண்டிக்கு முன்னால் ஒரு குழந்தை ஓடி வருகிறது. மற்றவன் வண்டிக்கு முன்னால் யாரும் வரவில்லை. முதல்வன் சிறைக்குப் போகிறான். இரண்டாமவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறான். சட்டம் இப்படித்தான் பார்க்கும்; பார்க்கட்டும். நடக்காத விபத்துக்கெல்லாம் தண்டனை கொடுப்பதென்றால் ஊரில் சிறைக்கு வெளியே யாரும் மிஞ்சமாட்டோம். ஆனால் மனச்சாட்சியும் சட்டத்தைப் போலவே கணக்குப் போடலாமா? அந்த இரண்டாமவன் இரவில் விழித்துக்கொண்டு, 'நானுந்தான் தூங்கினேன்' என்று ஒரு கணமாவது நடுங்க வேண்டாமா? அதிர்ஷ்டம் வேறு, குற்றமின்மை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பதுதான் நம் நோய்.

நம்முடைய பழங்காப்பியம் ஒன்று இதை நன்றாக அறிந்திருந்தது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். கோவலன்மீது அவனுக்குப் பகையும் இல்லை. பொற்கொல்லன் ஒருவன் சொன்னதைக் கேட்டான்; ஊடியிருந்த தேவியிடம் போகும் அவசரத்தில், விசாரிக்காமல் ஆணையிட்டான். அவ்வளவுதான். கண்ணகி அவன்மேல் சாட்டிய குற்றம், ஆராய்ந்து பார்க்காமல் விட்டான் என்பதே. சிலம்பை உடைத்துக் காட்டியதும் அவன் சாக்குச் சொல்லவில்லை. 'அது காவலர் துறை, இது பொற்கொல்லர் துறை' என்று கைகாட்டவில்லை. பார்க்க வேண்டியவன் பார்க்கவில்லை என்பதை ஏற்றுக்கொண்டு சிம்மாசனத்திலேயே உயிர் விட்டான்.

இன்று ஒரு கிடங்குக்கு எத்தனை காவலர்கள்! கட்டடத்துக்கு மாநகராட்சி, தீக்கு மாநிலத் தீயணைப்புத் துறை, தொழிற்சாலைக்கு ஒரு துறை, வெடிபொருளுக்கு மத்திய அரசின் மற்றொரு துறை, சரக்குக்குச் சுங்கம். ஒரு குற்றத்தை ஐந்து பேருக்குப் பங்கு போட்டால் ஒருவர் பங்கும் உறுத்துகிற அளவுக்கு இருப்பதில்லை. ஆனால் பங்கு போட்டதனால் தீ சிறிதாவதில்லை.

மேலும், கண்ணகியின் தீக்குக் கண் இருந்தது. முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தீயவரையே சேரும்படி அவள் அதற்கு ஆணையிட்டாள். நம்முடைய தீக்கு அப்படி ஆணையிடுவார் இல்லை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றி எரிந்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கீற்றுக் கூரையின் ஆபத்தைத் தமிழ்நாடு முழுவதும் பேசிற்று. ஆறு மாதம் ஆவதற்குள், ஜூலை 16-ஆம் தேதி, அதே காவிரிக் கரையிலே கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை எரிந்தது. சமையற்கூடத்திலிருந்து கிளம்பிய தீ, ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், குறுகலான வழி. தொண்ணூற்று நான்கு குழந்தைகள். அந்தக் கூரையை ஒருவர் நிமிர்ந்து பார்த்து, 'இது கூடாது' என்று சொல்லியிருந்தால் போதும். அவர் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திராது. ஆனால் அந்தக் குழந்தைகள் இன்று தங்கள் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

இவ்வளவும் எழுதுகிற எனக்கு ஓர் உண்மையைச் சொல்லும் கடமை இருக்கிறது. ராயபுரத்துக் கிடங்கைப் பார்த்துவிட்டு வந்த நானும் ஒன்றும் செய்யவில்லை. புகார் எழுதினால் கிடங்கைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். காவலாளிக் கிழவரின் சம்பளம் போய்விடும். நண்பரின் காகிதம் மாட்டிக்கொள்ளும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. நம் ஊரில் கண்டிப்பு என்று வந்தால் அது முதலில் ஏழையின் வயிற்றில்தான் அடிக்கிறது. ஆனால் தீயும் முதலில் அவரைத்தான் தேடி வரும். இரவில் அந்தக் கிடங்குக்குள் படுத்துத் தூங்குகிறவர் அவர். முதலாளியோ நானோ அல்லோம். அவருடைய பிழைப்பைக் காரணம் காட்டி அவருடைய உயிரைப் பணயம் வைக்க எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

அன்று இரவு எங்கள் வீட்டு அடுக்களைக்குள் போய்ப் பார்த்தேன். காஸ் அடுப்பின் ரப்பர்க் குழாயில், மாற்ற வேண்டிய வருஷம் அச்சிட்டிருந்தது. அது கடந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தினமும் மூன்று வேளை அதன் பக்கத்தில் நின்றுகொண்டுதான் என் வீட்டார் எனக்குச் சோறு சமைக்கிறார்கள். புதுக் குழாயின் விலை ஒரு சினிமா டிக்கெட்டின் விலைக்கு மேல் இராது. பணம் இல்லாமல் நான் அதை மாற்றாமல் விடவில்லை. ஒன்றும் ஆகவில்லை, அதனால் விட்டேன்.

மறுநாள் குழாயை மாற்றினேன். பிறகு நண்பரை அழைத்துக்கொண்டு ராயபுரம் போய், நான்காவது வாளிக்குப் பதில் புதிது வாங்கி, நான்கிலும் மணல் நிரப்பினோம். பீப்பாய்களில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் கேட்கும்படி நண்பரைச் சம்மதிக்க வைத்தேன். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு நான் ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை, மறுபடியும் எழுதுவேன். கிழவர் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். தூக்குச் சட்டி வைக்க இடம் போய்விட்டதே என்று அவருக்கு வருத்தம்.

இதனால் ராயபுரம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நான் எண்ணவில்லை. நான்கு வாளி மணல் எந்தத் தீக்கும் போதாது. நகரத்தைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்க வேண்டும். அதற்கு ஆட்களும் பணமும் ஒதுக்க வேண்டும். ஒதுக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும். ஆனால் கேட்பதற்கு முன்னால், எரியாத வீட்டின் அருமை நமக்குத் தெரிய வேண்டும். என் தாயார் அணைத்த கங்குகளை நான் எண்ணியதே இல்லை. அவற்றில் எந்தக் கங்கு எங்களை எரித்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததனால்தான் அவர் ஒவ்வோர் இரவும் போய்ப் பார்த்தார்.