நிதானத்தின் அறம்

விரைந்து சென்றடைவதே பயணத்தின் பயன் எனக் கருதுவோர் பலர். கண்டுணர நிதானம் வேண்டும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

1873ஆம் ஆண்டு டிசம்பரில் அமேலியா எட்வர்ட்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் நைல் நதியில், தஹபியா எனப்படும் பாய்மரப் படகில் புறப்பட்டார். அந்நதி வடக்கு நோக்கி ஓடுவது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுவது. அக்காற்றின் துணையால் நீரோட்டத்தை எதிர்த்துப் பிலே, அபு சிம்பெல் கோயில்களை அடைந்தார். நின்று நோக்கியதனால் அவற்றின் அழகோடு அழிவும் அவர் கண்ணிற்பட்டது. 1882இல் எகிப்திய அகழாய்வு நிதியம் தோன்றியபோது அவரே முன்னின்றார்.

ஆயினும், காற்று ஓய்ந்த வேளையில் கரையில் நடந்து கயிற்றால் படகை இழுத்தவர்கள் படகோட்டிகளே. ஒருவரின் ஓய்வு மற்றொருவரின் உழைப்பின்மீது அமர்ந்திருப்பது அறமாகுமா? தோட்டப்புறத்தில் வாழ்ந்தோர்க்கு இவ்வினா புதிதன்று.

முன்பு பத்தாங் பெர்ஜுந்தாய் எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா வழியாக ஓடும் சிலாங்கூர் ஆற்றில், கம்போங் குவாந்தான் மின்மினிகளைத் துடுப்புப் படகிலேறிக் காண்பது நெடுநாள் வழக்கம். மரங்கள் ஒளிர்கையில், துடுப்பு வலிப்பவர் இருளில் மறைந்துவிடுகிறார். கூலி கொடுத்ததோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. ஒளியைக் காணும் கண் அந்தக் கைகளையும் காணவேண்டும். கண்டதைக் காக்கவும் முனையவேண்டும். அல்லாத நிதானம் வெறும் சோம்பலேயாகும்.